அலிகேட்டரைக் காண எந்த வேளை நல்லது?

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் பெருநகரமான ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில், பிரேசோஸ் என்னும் ஆறு வளைந்து செல்லும் இடத்தில் ஒரு மாநிலப் பூங்கா இருக்கிறது. அதன் பெயர் பிரேசோஸ் பெண்ட். பூங்கா என்றதும் புல்தரையும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நம் நினைவுக்கு வரும். இது அப்படிப்பட்டதன்று. ஏறத்தாழ 5,000 ஏக்கர் பரப்பில் ஏரிகளும் சதுப்பு நிலமும் ஆற்றோரக் காடும் புல்வெளியுமாகப் பரந்து கிடக்கும் இயற்கை நிலம் இது. 1984-ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இங்கே அலிகேட்டர்கள் கூண்டும் இல்லாமல், வேலியும் இல்லாமல், தம் விருப்பம் போல வாழ்கின்றன. மனிதர் நடக்கும் ஏரிக்கரை மீதே அவை ஏறிப் படுத்து வெயில் காய்கின்றன.

இன்று தமிழ்நாட்டிலிருந்து ஹூஸ்டனில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் பலர். விண்வெளி மையத்தையும் பேர்லண்ட் மீனாட்சி கோயிலையும் பார்த்த பிறகு, பேரக்குழந்தைகளின் பிடிவாதத்தால் இந்தப் பூங்காவுக்கும் போகிறார்கள். ஒரு குடும்பம் திரும்பி வந்து, “இரண்டு மணி நேரம் நடந்தோம், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை” என்கிறது. இன்னொரு குடும்பம், “எண்ணி மாளவில்லை” என்கிறது. இருவரும் சென்றது ஒரே பூங்கா, ஒரே ஏரி. வேறுபாடு எங்கே வந்தது? அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைவிட நல்ல விடை ஒன்று உண்டு. உயர்நிலைப் பள்ளியில் படித்த வெப்பவியல் பாடத்திலேயே அது இருக்கிறது.

முதலில் இந்தப் பிராணியைப் பற்றிச் சில சொற்கள். அலிகேட்டர் முதலைக் குடும்பத்தின் நெருங்கிய உறவு. பல்லி எனப் பொருள்படும் ஒரு ஸ்பானியச் சொல்லே ஆங்கிலேயர் வாயில் அலிகேட்டர் ஆயிற்று. உலகில் இரண்டே இனங்கள்: ஒன்று அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில், மற்றொன்று சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில். அலிகேட்டருக்கு மூக்குப் பகுதி அகன்றிருக்கும், முதலைக்குக் கூர்ந்திருக்கும் என்று பலர் சொல்வார்கள். நம்மவர்கள் இதை நம்பினால் ஏமாறுவார்கள். அமராவதி, சாத்தனூர் அணைப் பகுதிகளில் நாம் பார்க்கும் சதுப்புநில முதலைக்கும் அகன்ற மூக்குதான். பல்லைப் பார்ப்பதே சரியான அடையாளம். வாயை மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தால் அது முதலை. அலிகேட்டரில் அந்தப் பல் மேல்தாடையில் உள்ள ஒரு குழியில் அடங்கி மறைந்துவிடும்.

தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிவிட்ட அமெரிக்க அலிகேட்டரை 1967-இல் அழியும் நிலையிலுள்ள உயிரினம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. பாதுகாப்பு பலன் தந்தது. 1987-இல் அது மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். இன்று நாம் கரையோரம் நின்று கணக்கு எடுக்க முடிவது அதனால்தான்.

இனி வெப்பத்துக்கு வருவோம். நம் உடல் வெப்பநிலை கோடையிலும் குளிரிலும் 37 டிகிரி சென்டிகிரேட்தான். அதை அப்படியே வைத்திருக்க நாம் உண்ணும் உணவில் பெரும்பகுதியைச் செலவிடுகிறோம். அலிகேட்டர் இந்தச் செலவைச் செய்வதில்லை. அது குளிர் இரத்தப் பிராணி. ஆனால் அதன் இரத்தம் எப்போதும் குளிர்ந்திருக்கும் என்று பொருள் கொள்ளக்கூடாது. தனக்கு வேண்டிய வெப்பத்தை அது வெளியிலிருந்து, அதாவது வெயிலிலிருந்தும் நீரிலிருந்தும் பெற்றுக்கொள்கிறது என்பதே பொருள். ஏறத்தாழ 28 முதல் 33 டிகிரி வரை உடல் இருக்கும்போது அது நன்கு இயங்கும். சுற்றுப்புறம் 21 டிகிரிக்குக் கீழே போனால் இரை தேடுவதை நிறுத்திவிடும். 13 டிகிரிக்குக் கீழே அசைவற்ற நிலைக்குப் போய்விடும். அமெரிக்காவில் வானிலை அறிக்கை பாரன்ஹீட்டில்தான் வரும். ஆகவே 70, 55 என்ற இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அவை முறையே 21, 13 டிகிரி சென்டிகிரேடுக்குச் சமம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமுள்ள ஓர் அலிகேட்டரின் எடை 120 கிலோகிராம் என்று கொள்வோம். விலங்குகளின் உடலில் பெரும்பகுதி நீர்தான். எனவே அதன் ஒரு கிலோகிராமை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 3.5 கிலோ ஜூல் வேண்டும். குளிர்ந்த நீரிலிருந்து வெளியே வந்த அது 10 டிகிரி சூடேற வேண்டுமானால் 120 × 3.5 × 10 = 4,200 கிலோ ஜூல் தேவை. வெயிலுக்குக் காட்டும் முதுகின் பரப்பு 0.7 சதுர மீட்டர், அதன் கருந்தோல் ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் வீதம் வெப்பத்தை ஏற்கிறது என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது 350 வாட். வகுத்துப் பாருங்கள்: 12,000 வினாடி, அதாவது 3 மணி 20 நிமிடம்! காற்றிலும் தரையிலும் இழக்கும் வெப்பத்தை நாம் கழிக்கவில்லை. கழித்தால் நேரம் இன்னும் கூடும்.

இதில் பாதி நீளமுள்ள குட்டிக்கு என்ன ஆகும்? நீளம் பாதியானால் பரப்பு நான்கில் ஒன்று. பருமனும் எடையும் எட்டில் ஒன்று. எனவே 15 கிலோகிராம் எடை, 525 கிலோ ஜூல் தேவை, கிடைப்பது 87.5 வாட். 6,000 வினாடி, சரியாகப் பாதி நேரம். காலையில் நடப்பவர் சிறியவை முதலில் சூடேறிச் சுறுசுறுப்பாவதையும், பெரியவை நண்பகல் கடந்தும் மரக்கட்டை போலக் கிடப்பதையும் காண்பது இதனால்தான். “அது பொம்மை” என்று சில பார்வையாளர்கள் பந்தயம் கட்டுவார்கள். பந்தயம் கட்டட்டும், ஆனால் கல்லெறிந்து சோதிக்க வேண்டாம்.

வெறும் இயற்பியல் மட்டும் இங்கே வேலை செய்யவில்லை. வெயில் காயும்போது அலிகேட்டர் தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் கூட்டி வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நீரில் இறங்கியதும் அந்த ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறது. அதனால் அது சூடேறுவது விரைவாகவும் குளிர்வது மெதுவாகவும் நடக்கும். வாயை அகலத் திறந்தபடி அசையாமல் கிடப்பதையும் பார்க்கலாம். அது மிரட்டல் அன்று. ஈரமான வாயின் வழியே தலையின் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பதே பொதுவான விளக்கம். நாய் நாக்கைத் தொங்கவிடுவது போல.

இப்போது, எப்போது போவது என்ற கேள்விக்கு வரலாம். நீரின் வெப்ப எண் மிக அதிகம். அதாவது அது மெதுவாகச் சூடேறும், மெதுவாகக் குளிரும். ஹூஸ்டன் பகுதியில் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சு, ஏப்ரலிலும் பகலில் காற்று இதமாகிவிடும், வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆனால் ஏரி நீர் இன்னும் குளிர்காலத்தை மறக்கவில்லை. நீரில் இருந்தால் குளிர், கரையில் இருந்தால் வெதுவெதுப்பு. அலிகேட்டர் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? காலை பத்து மணிக்கு மேல் பிற்பகல் வரை எல்லாம் கரையில்தான். “எண்ணி மாளவில்லை” என்ற குடும்பம் சென்றது அநேகமாக இந்த மாதங்களில்தான்.

சூலை, ஆகஸ்டில் நிலைமை தலைகீழ். ஏரி நீரே 30 டிகிரியை எட்டிவிடும். வெயில் காய வேண்டிய தேவை இல்லை. நண்பகலில் கரை மண் கொதிக்கும். அப்போது அலிகேட்டர் நீரிலேயே இருக்கும், கண்ணும் மூக்கு நுனியும் மட்டும் மேலே தெரியும். அங்கு வழங்கும் ஒரு பழைய கணக்கு இந்த இடத்தில் உதவும்: கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையே எத்தனை அங்குலமோ, பிராணியின் முழு நீளம் ஏறக்குறைய அத்தனை அடி. நீரில் பத்து அங்குல இடைவெளி தெரிந்தால் அடியில் பத்தடி உடல் இருக்கிறது. கோடையில் போவதானால் அதிகாலையிலோ மாலையிலோ போவதே நல்லது. அது அலிகேட்டருக்காக மட்டுமல்ல. ஈரப்பதமும் 35 டிகிரி வெயிலும் சேர்ந்தால், அந்தப் பூங்காவில் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அலிகேட்டரைவிட வெயில்தான் பெரிய ஆபத்து. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்க வேண்டும். கொசு விரட்டும் மருந்தும் வேண்டும்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று வீசும் நாளில் போனால் ஏமாற்றமே. அவை குழிகளிலும் நீரின் அடியிலும் பதுங்கிவிடும். நீர் உறைந்தாலும் அவை சாவதில்லை என்பது வியப்பு. 2018 சனவரியில் வடகரோலினாவின் ஒரு சதுப்புப் பூங்காவில், உறைந்த பனிக்கட்டிக்கு மேலே மூக்கு நுனியை மட்டும் நீட்டியபடி அலிகேட்டர்கள் நின்ற காட்சியை உலகம் முழுவதும் பார்த்தார்கள். மூச்சு விட ஒரு துளை, மற்றபடி ஏறக்குறைய எல்லா இயக்கமும் அடங்கிய நிலை. ஆனால் குளிருக்குப் பின் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்தால், சனவரியிலும் பிற்பகலில் சில பெரியவை கரையேறும்.

ஏப்ரல், மே மாதக் காலையில் போகிறவர்களுக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. அது இணை சேரும் பருவம். ஆண் அலிகேட்டர் தலையையும் வாலையும் நீருக்கு மேல் தூக்கிக்கொண்டு, நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, இடி உருள்வது போல முழங்கும். முழக்கம் காதில் விழுவதற்குச் சற்று முன்னால் அதன் முதுகைப் பாருங்கள். முதுகின் மேலுள்ள நீர் சட்டியில் எண்ணெய் தெறிப்பது போலத் துள்ளி எழும். அப்போது நம் காதில் எதுவும் விழாது. காரணம், அந்த அதிர்வின் அதிர்வெண் வினாடிக்கு 20-க்கும் குறைவு. மனிதச் செவி 20 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைக் கேட்பதில்லை. இத்தகைய ஒலியைக் குற்றொலி என்கிறோம். மேலும் கீழும் அதிரும் ஒரு தளத்தின் மீதுள்ள நீர்ப்பரப்பில் எழும் அலைகளை மைக்கேல் ஃபாரடே 1831-இல் ஆராய்ந்தார். அந்த அலைகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. அவர் ஆய்வுக்கூடத்தில் செய்ததை இந்தப் பிராணி தன் முதுகில் செய்துகாட்டுகிறது.

20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் 17 மீட்டர். நீரில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,480 மீட்டர். ஆகவே அங்கே அலைநீளம் 74 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை நாணலையும் அல்லித் தண்டையும் பொருட்படுத்தாது, வளைந்து சென்றுவிடும். செடிகள் அடர்ந்த சதுப்பில் சேதி அனுப்ப இது பொருத்தமான வழிதான். இன்னொரு வேடிக்கையான ஆய்வு: சீன அலிகேட்டர் ஒன்றை ஹீலியம் கலந்த காற்றில் வைத்து அதன் முழக்கத்தைப் பதிவு செய்தார்கள். ஹீலியத்தில் ஒலி வேகமாகச் செல்லும். முழக்கத்தின் ஒத்ததிர்வுகள் அதற்கேற்ப உயர்ந்தன. குரல்வழியிலுள்ள காற்றுத் தம்பமே ஒத்ததிர்கிறது, உடல் பெரிதானால் அந்த ஒலி தாழும் என்பது இதனால் தெளிவாயிற்று. அதாவது குரலைக் கேட்டே எதிரியின் அளவை அவை அறிய முடியும். இந்த ஆய்வுக்கு 2020-இல், சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது.

சூன் முடிவில் பெண் அலிகேட்டர் செடிகொடிகளையும் சேற்றையும் குவித்துக் கூடு கட்டி, 30-க்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். அது முட்டை மீது அமர்ந்து அடைகாப்பதில்லை. நம் ஊர்க் குப்பைக்குழியில் எரு புகைவதைப் பார்த்திருப்பீர்கள். அழுகும் இலைதழையில் நுண்ணுயிர்கள் வெளிவிடும் அதே வெப்பம்தான் இங்கே முட்டையைக் காக்கிறது. அந்த வெப்பமே குட்டி ஆணா பெண்ணா என்பதையும் முடிவு செய்கிறது! கூட்டின் வெப்பநிலை 30 டிகிரி அளவில் இருந்தால் பெண். 33 டிகிரி அளவில் இருந்தால் பெரும்பாலும் ஆண். மூன்று டிகிரி வேறுபாடு, அவ்வளவுதான். ஏறத்தாழ 65 நாள் கழித்து, ஆகஸ்டு கடைசியில் குட்டிகள் முட்டைக்குள்ளிருந்தே கத்தும். தாய் வந்து கூட்டைப் பிரிக்கும். அந்தக் கொடிய வாயால் குட்டிகளை மெல்லக் கவ்வி நீருக்குக் கொண்டு செல்லும்.

இந்த மாதங்களில் கரையோரம் “கீச் கீச்” என்ற சத்தம் கேட்டாலோ, மஞ்சள் பட்டை போட்ட ஒரு முழம் கூட இல்லாத குட்டிகள் தெரிந்தாலோ, அழகாக இருக்கிறதே என்று நெருங்கிப் படம் எடுக்க நிற்கக்கூடாது. தாய் பத்தடிக்குள் எங்கோ இருக்கிறது. அது சீறினால், அது எச்சரிக்கை. வந்த வழியே பின்வாங்க வேண்டும்.

பூங்கா விதிப்படி அலிகேட்டருக்கும் நமக்கும் இடையே எப்போதும் 30 அடி, அதாவது ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இருக்க வேண்டும். “தூங்கிக்கொண்டுதானே இருக்கிறது, பத்தடி போதாதா?” என்று கேட்பவர்களுக்கு மீண்டும் ஒரு கணக்கு. அது வினாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டரைக் கடக்க முக்கால் வினாடி. ஒரு மனிதர் நடப்பதைக் கண்டு, புரிந்து, காலை எடுத்து வைக்கவே அவ்வளவு நேரம் ஆகிவிடும். ஒன்பது மீட்டர் என்றால் இரண்டு வினாடிக்கு மேல் கிடைக்கிறது. அலிகேட்டர் நெடுந்தூரம் துரத்தும் பிராணியும் அன்று. பாய்ச்சலின்போது அதன் தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து விரைவில் களைத்துவிடும். வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று சொல்வது கட்டுக்கதை. நேராக விலகி ஓடினால் போதும். நடைபாதையின் குறுக்கே படுத்திருந்தால் காத்திருங்கள், அல்லது திரும்பிவிடுங்கள். அதற்கும் நீருக்கும் இடையே மட்டும் புகாதீர்கள். பயந்தால் அது ஓடும் வழி நீர்தான்.

கரையில் கிடப்பதைவிடக் கண்ணுக்குத் தெரியாமல் நீரோரத்தில் இருப்பதே கவலைக்குரியது. அதன் தாடையோரம் கருப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவை அழுத்தத்தை உணரும் உறுப்புகள் என்று 2002-இல் கண்டறிந்தார்கள். இருட்டிலும் ஒரு துளி நீர் விழுந்து எழும் சிற்றலையைக் கொண்டு திசையறிந்து அது திரும்பும். 2016 சூன் மாதத்தில் புளோரிடாவில் ஓர் உல்லாச விடுதியின் செயற்கை ஏரிக்கரையில், இரவு ஒன்பது மணியளவில், ஆழமற்ற நீரில் நின்றிருந்த இரண்டு வயதுக் குழந்தையை அலிகேட்டர் இழுத்துச் சென்றது. தந்தை நீரில் பாய்ந்து போராடியும் மீட்க முடியவில்லை. கோடை, இருட்டும் வேளை, கணுக்கால் அளவு நீர், சிறிய உருவம். இந்த நான்கும் ஓரிடத்தில் சேரக்கூடாது. பிரேசோஸ் பெண்டில் எந்த ஏரியிலும் நீந்த அனுமதி இல்லை. கால் நனைக்கவும் கை கழுவவும்கூடக் குழந்தைகளை விடாதீர்கள். குழந்தை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, நீரோரப் பக்கம் அல்லாமல் உட்பக்கமாக நடக்கட்டும்.

உணவு போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை நம்முடையது. இங்கே அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும். டெக்சஸில் அலிகேட்டருக்கு உணவு போடுவது சட்டப்படி குற்றம். இயல்பில் மனிதரைக் கண்டால் விலகும் பிராணி, ஒரு முறை ரொட்டி கிடைத்துவிட்டால் மனிதரை நோக்கி வரத் தொடங்கும். அப்படி வரும் அலிகேட்டரைப் பிறகு விட்டுவைக்க மாட்டார்கள்.

புதிதாகச் செல்பவர்கள் ‘நாற்பது ஏக்கர் ஏரி’, ‘எல்ம் ஏரி’ ஆகிய இரண்டையும் சுற்றி வரலாம். கரைமேல் மண்பாதை சமதளமாக இருக்கும். நடக்க முடியாத முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் ‘கிரீக்ஃபீல்டு’ ஏரியைச் சுற்றித் தளமிட்ட அரை மைல் பாதை இருக்கிறது. வழியெங்கும் ஓக் மரங்களில் சடைசடையாகச் சாம்பல் நிறத்தில் தொங்குவது ‘ஸ்பானியப் பாசி’. அது ஸ்பெயினைச் சேர்ந்ததும் அன்று, பாசியும் அன்று, அன்னாசியின் உறவு. கொக்கு, நாரை, சீழ்க்கைச் சிறகி என்று பறவைகளுக்கும் குறைவில்லை. வசந்தகால விடுமுறை நாட்களில் கூட்டம் நிரம்பி வாசலிலேயே திருப்பி அனுப்புவதுண்டு. ஆதலால் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. ஆறு பெருகினால் பூங்காவை மூடிவிடுவார்கள். 2016-லும், ஹார்வி புயல் வந்த 2017-லும் அப்படித்தான் வெள்ளம் புகுந்து மூடினார்கள். மழைக்காலத்தில் கிளம்புமுன் பூங்கா திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பூங்காவுக்குள் ஒரு வானாய்வகமும் உண்டு என்பதைப் பலர் அறியாமலே திரும்பிவிடுகிறார்கள். ஹூஸ்டன் இயற்கை அறிவியல் அருங்காட்சியகம் 1989-இல் திறந்த ஜார்ஜ் வானாய்வகம் அது. 36 அங்குல விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி அங்கே இருக்கிறது. பொதுமக்கள் பார்க்கும் இரவில் அனுமதி பெற்றுச் சென்றால் சனியின் வளையத்தையும் பார்க்கலாம், அலிகேட்டரின் கண்ணையும் பார்க்கலாம். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உள்ளது. ஒரு முறை விழித்திரையில் தப்பிய ஒளிக்கு அது இரண்டாவது வாய்ப்பு கொடுக்கிறது. திரும்பும் ஒளி வந்த திசையிலேயே செல்லும். எனவே டார்ச் விளக்கை இடுப்பளவில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப் பொட்டோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். பாதையிலேயே நின்று ஏரியின் மீது மெதுவாக ஒளியை ஓட்டுங்கள். நீர்மட்டத்தில் செந்தணல் போல இரண்டிரண்டு புள்ளிகள் எரியும். ஒற்றைப் புள்ளி தெரிந்தால் அது பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. இரண்டும் தெரிந்தால் அது உங்களைத்தான் பார்க்கிறது.